தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

நெடுநேரம் வெயிலில் நடந்து ஒரு வீட்டை அடைகின்றோம். திண்ணையில் அமர்ந்ததும் முதலில் நம் கையில் தரப்படுவது ஒரு செம்புத் தண்ணீர். "எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு, எந்தக் கோடையிலும் சுவை மாறாது" என்று வீட்டுக்காரர் பெருமையோடு கூறுவார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு வளவின் மதிப்பு அதன் விசாலத்தினால் மட்டுமன்றி, அங்குள்ள கிணற்று நீரின் சுவையினாலும் கணிக்கப்படுவது. காணி வாங்கச் செல்பவர் ஒரு கை நீரை அள்ளி வாயிலிட்டுப் பார்ப்பார். உவர் என்றால் விலை இறங்கும். நன்னீர் என்றால் ஏறும்.

இவ்வாறு நீரைச் சோதிக்கும்போது நாம் மூன்று சாட்சிகளை அழைக்கின்றோம். கண் அதன் தெளிவைக் கூறுகின்றது; நா அதன் சுவையைக் கூறுகின்றது; மூக்கு அதில் தீய மணம் இல்லை என்று கூறுகின்றது. மூன்று சாட்சிகளும் ஒருமித்து நன்று என்றால் வழக்கு முடிந்தது என எண்ணிவிடுகின்றோம். ஆனால் இம்மூன்று சாட்சிகளும் அறியாத கேடு நீரில் இருத்தல் கூடுமா? கூடுமாயின் அதனை அறிவது எவ்வாறு? அதனின்றும் நம்மையும் நம் குழந்தைகளையும் காப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோ என்னும் பகுதியிலே வாந்திபேதி பரவியது. பத்து நாட்களுக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். தீய காற்றினாலேயே இந்நோய் பரவுகின்றது என்பது அக்கால வைத்தியர் பெரும்பாலாரின் கொள்கை. யோன் சினோ என்னும் வைத்தியர் மட்டும் நீரிலே ஐயங்கொண்டார். இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலானவை புரோட் வீதியில் இருந்த ஒரு கிணற்றுப் பம்பியையே சுட்டின. அவர் எடுத்துக் கூறியதன்மேல், செப்டெம்பர் 8ஆம் நாள் அப்பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது.

அந்தக் கிணற்று நீர் சேறும் நாற்றமும் உடையதாக இருந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. அயலிலுள்ள கிணறுகளுள் அதுவே தெளிவுக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது. முன்னர் அவ்வீதியில் வாழ்ந்து, பின் பல மைல் தொலைவிலுள்ள ஆம்சுதெட்டு என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு விதவை, அந்நீரின் சுவையை மறக்கமாட்டாதவராய், நாள்தோறும் ஒரு போத்தலில் அதனை வருவித்து அருந்தி வந்தார். நோய் அணுகாத அவ்விடத்திலே அவர் வாந்திபேதியால் இறந்தார்; அவரைக் காண வந்து அந்நீரை அருந்திய அவருடைய மருமகளும் அந்நோயாலேயே இறந்தார். பின்னர் அக்கிணற்றின் அயலைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் மலக்குழி அதிலிருந்து 3 அடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்தமையும், அக்குழியின் செங்கற்கட்டு உக்கிப்போய்க் கழிவு நீர் கிணற்றுக்குள் கசிந்தமையும் தெரியவந்தன. நோயின் தொடக்கத்தில் அவ்வீட்டுக் குழந்தை ஒன்று வயிற்றோட்டத்தால் இறந்திருந்தது. அக்குழந்தையின் துணிகளைக் கழுவிய நீரே அக்குழிக்குள் ஊற்றப்பட்டது.

சுவையான நீர் என்று புகழப்பட்ட நீரே கொன்றது. கொன்ற பொருள் எது என்பதைச் சினோ தம் கண்ணாற் கண்டாரல்லர். அதே ஆண்டில் இத்தாலி நாட்டிலே பாசினி என்பவர் அந்நோயின் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டார்; எனினும் உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1884ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக் அதனைத் தெளிவாக நிறுவினார். வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, ஒருவகைச் செங்கண்மாரி ஆகியவற்றின் கிருமிகள் யாவும் ஒரே வழியிற் செல்வன. ஒருவருடைய மலத்தினின்றும் நீங்கி, நீரிலோ உணவிலோ கலந்து, மற்றொருவருடைய வாயினுட் புகுகின்றன. அவை நீரின் நிறத்தை மாற்றுவதில்லை, சுவையையும் மாற்றுவதில்லை.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். ஒரு கிணற்று நீரின் தூய்மையை அறிய விரும்புவோன் முதலில் அந்த நிலத்தின் தன்மையை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு என நாம் பெயரிட்டழைப்பதும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டில் ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது; அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே வந்துவிடுகின்றது. அம்மழை மண்ணினூடே இறங்கிக் கீழே சேமிக்கப்படுவதனாலன்றோ பங்குனி சித்திரையிலும் நம் கிணறுகளில் நீர் நிற்கின்றது.

அச்சேமிப்பு அறை சுண்ணக்கல்லினால் ஆனது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இந்நிலம் ஆழமில்லாத கடலாக இருந்த காலத்தில், கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் பவளங்களும் படிந்து இறுகியதால் உண்டானது இக்கல். இக்கல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு என்னும் வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்புத் தன்மை பெறுகின்றது. அந்நீர் சுண்ணக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இவ்வாறு கரைந்தமையால் கல்லினூடே வெடிப்புக்களும் புழைகளும் குகைகளும் தோன்றியுள்ளன. நம் கேத்தலின் அடியிற் படியும் வெண்ணிறப் பொருக்கு, இவ்வாறு கரைந்து வந்த சுண்ணமே. அதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். சோப்பு நுரையாமையும் கேத்தல் பழுதாதலும் அதன் தொல்லைகள். ஆயினும் நீரின் இக்கடினத் தன்மைக்கு, உடல்நலம் கருதிய எல்லை எதனையும் உலக சுகாதார தாபனம் விதிக்கவில்லை. கண்ணுக்குத் தோன்றும் பொருக்குக்கு அஞ்சுகின்றோம், தோன்றாதவற்றுக்கு அஞ்சுவதில்லை.

குடாநாட்டைக் கடல் சூழ்ந்திருக்கின்றது. ஆதலால் நிலத்தின் கீழும் கடல்நீர் புகுந்திருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆகவே மழையால் வந்த நன்னீர், கீழே பரந்துள்ள உவர்நீரின் மேல், நடுவிற் பருத்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்து நாட்டுப் பாடன் கைபென் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்சுபேர்க்கு என்பவர் 1901ஆம் ஆண்டிலும், ஒருவரையொருவர் அறியாமலே இதன் கணக்கைக் கண்டறிந்தனர். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதனை மறுபுறமாக நோக்குங்கள். நாம் அளவுக்கு மேல் இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தி, அந்நிலை நீடிக்கவும் விட்டால், கீழிருக்கும் உவர் 40 அடி மேலெழும்பத் தொடங்கும்.

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே இதனைக் கண்கூடாக அறியலாம். மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர். ஒருவர் துலா மிதிக்க மற்றொருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல்கோளின் பின்னரும் இலங்கையின் கரையோரங்களில் இப்பாடம் கற்கப்பட்டது. கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தஞ் செய்யும் நன்னோக்கத்தோடு இயந்திரங்களால் மீண்டும் மீண்டும் இறைத்தபோது, உவர் குறையாமல் நீடித்த இடங்கள் உண்டு. நாட்பட்ட மழையே அவற்றைத் தேற்றியது.

உவர் கலந்தால் நா உடனே சொல்லிவிடும். ஆகவே அதில் ஏமாறுதல் இல்லை. நா சொல்லாத கேடுகளே நாம் இன்று ஆராய வேண்டியவை. அவற்றை விளங்கிக்கொள்ள, நிலத்தடி நீர் நின்ற இடத்தில் நிற்பதன்று, ஓடுவது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். கீரிமலைக் கேணியில் நீராடியோர் இதனை அறிவர். உள்நாட்டிற் பெய்த மழை, கண்ணுக்குத் தெரியாத கல்வெடிப்புக்களின் வழியே நடந்து வந்து, கடலோரத்திலே நன்னீர் ஊற்றாக வெளிப்படுகின்றது. அந்நீருக்கு வழிவிட்ட நிலம் பிற பொருள்களுக்கும் வழிவிடும். 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டதும், மின்நிலையம் ஒன்றின் கழிவெண்ணெய் குறித்து எழுந்த வழக்கிலே 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கிணற்றுக்காரருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்ததும் பலர் அறிந்தவை. எண்ணெயை மூக்கு அறிந்தது; ஆதலால் மக்கள் முறையிட்டனர். மூக்கு அறியாதவை குறித்து முறையிடுபவர் யார்?

மணற்பாங்கான நிலத்திலே நீர் மெதுவாக இறங்கும். மணலின் துகள்களிடையே கிருமிகள் தடைப்படும். நாட்செல்ல இறந்தும் போகும். மணல் ஒரு நல்ல வடி. சுண்ணக்கல் நிலத்திலோ, மேலேயுள்ள செம்மண் பல இடங்களில் சில அடி ஆழம் மட்டுமே. அதனைக் கடந்தால் வெடிப்புள்ள கல். வெடிப்பினூடே செல்லும் நீர் வடிக்கப்படுவதில்லை. வாய்க்காலில் ஓடுவதுபோல ஓடுகின்றது. ஒரு குழிமலகூடத்தை ஆழமாகத் தோண்டிக் கல்லை உடைத்து அமைப்போமாயின், கழிவுக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த ஒரே காவலையும் நாமே நீக்கியவராவோம். அடைமழைக் காலத்தில் நீர்மட்டம் மேலெழுந்து குழியின் அடியைத் தொடும்போது ஆபத்து மேலும் பெருகும்.

கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையே, மண்ணின் தன்மையைப் பொறுத்து, 50 அடி முதல் 100 அடி வரை இடைவெளி வேண்டும் என்று சுகாதார நூல்கள் கூறும். வெடிப்புள்ள கல் நிலத்தில் அதற்கு மேலும் வேண்டும். இனி ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு பரப்பு வளவு ஏறத்தாழ 5,400 சதுர அடி. அது சதுரமாயின் ஒவ்வொரு பக்கமும் 74 அடியளவாகும். மூலைக்கு மூலை 100 அடிக்குச் சற்று மேல். ஈசான மூலையிலே கிணறும், அதற்கு நேர் எதிரான தென்மேற்கு மூலையிலே மலகூடமும் அமைத்தால், ஒருவர் தம் வளவுக்குள் இயன்றவரை விதியைக் காத்தவராவார்.

ஆனால் அயலவர் அனைவரும் அவ்வாறே செய்வாராயின் விளைவு என்ன? என் வளவின் ஈசான மூலை, அப்பால் மூலைமாறியுள்ள வளவின் தென்மேற்கு மூலையைத் தொட்டு நிற்கின்றது. அங்கேதான் அவருடைய மலகூடம் இருக்கின்றது. என் மலகூடத்தை என் கிணற்றுக்கு 100 அடி அப்பால் வைத்தேன். அயலவருடையதோ வேலியின் அப்புறம் 10 அடியில் நிற்கின்றது. என் மலகூடம் வேறொருவருடைய கிணற்றுக்கு 10 அடியில் நிற்பதையும் நான் எண்ணிப் பார்த்தேனல்லேன். நாம் கிடுகாலும் பனையோலையாலும் மதிலாலும் வளவுகளைப் பிரிக்கின்றோம். அவ்வேலிகள் நிலத்தின் கீழ்ச் செல்வதில்லை. கீழேயுள்ள நீர் பொதுநீர். அதனை என் கிணறு என்றும் உன் கிணறு என்றும் கூறுவது, ஒரே குளத்தில் இருவர் இறங்கி நின்று என் குளம், உன் குளம் என்பது போலாகும்.

கிருமிகளை விட்டு, அடுத்து வேறொரு கேட்டினை நோக்குவோம். அது உயிருள்ளதன்று, நைத்திரேற்று என்னும் உப்பு. குடாநாட்டுக் கமக்காரரின் உழைப்பு யாவரும் அறிந்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் ஒரே நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விளைவிக்கப்படுகின்றன. அதற்கென எருவும் யூரியா முதலிய செயற்கைப் பசளைகளும் இடப்படுகின்றன. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் யூரியாவை முதலில் அமோனியமாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்ளும். நைத்திரேற்றை அது பற்றுவதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது, இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் நேரே கீழிறங்கிக் கிணற்றையடைகின்றது. மனிதருடைய கழிவும் கால்நடைகளின் கழிவும் ஈற்றில் இதே உப்பாகவே மாறுகின்றன. இவ்வாறு தோட்டமும் மலக்குழியும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் எல்லை. 1980ஆம் ஆண்டுகள் தொட்டு நடந்த ஆய்வுகள் பல, குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகளிலே இவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதைக் காட்டியுள்ளன.

இவ்வுப்பினால் முதலில் வருந்துவோர் யார்? 1945ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்து வைத்தியர் கொம்லி என்பவர், பண்ணைவீடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்திருப்பதைக் கண்டார். இருதய நோயோ சுவாச நோயோ அவர்களுக்கு இல்லை. வைத்தியசாலையில் சில நாள் இருந்தால் தேறினர். வீடு சென்றால் மீண்டும் நீலம் பாரித்தது. ஆராய்ந்தபோது, அவர்களுக்குக் கிணற்று நீரிற் கரைத்த பால் ஊட்டப்பட்டமையும், அந்நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தமையும் புலப்பட்டன. மூன்று, நான்கு மாதக் குழந்தையின் இரைப்பையிலே புளிப்புத் தன்மை குறைவு. ஆதலால் அங்கே பற்றீரியாக்கள் பெருகி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது குருதியிற் கலந்து, ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினைச் சுமக்க மாட்டாததாக்கி விடுகின்றது. குழந்தை மூச்சுவிடுகின்றது, ஆயினும் அதன் உடலுக்கு ஒட்சிசன் சேர்வதில்லை.

இங்கே தாய்மார் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. கிருமிக்கு அஞ்சி நீரைக் கொதிக்கவைக்கும் தாய் நன்றே செய்கின்றாள். ஆனால் நைத்திரேற்று கொதிநீரில் அழிவதில்லை. நீர் ஆவியாகிப் போக, உப்பு பானையில் எஞ்சுகின்றது. 2 லீற்றர் நீரை 1 லீற்றராகக் காய்ச்சினால், அதிலுள்ள நைத்திரேற்றின் செறிவு இருமடங்காகும். ஒரு கேட்டினைத் தீர்க்கும் செயலே மற்றொரு கேட்டினைப் பெருக்குகின்றது. ஆகவே கைக்குழந்தைக்குச் சிறந்த காவல் தாய்ப்பாலே. தாய் அருந்தும் நீரிலுள்ள நைத்திரேற்று தாய்ப்பாலிற் செறிந்து சேர்வதில்லை. தாய்ப்பால் கொடுக்க இயலாத இடத்திலே, சோதிக்கப்பட்ட வேறு நீரைத் தேடிப் பெறுதல் வேண்டும். அந்நீரையும் அளவுக்கு மேல் வற்றக் காய்ச்சலாகாது.

இதுகாறும் நோயைக் கூறினோம். இனி மருந்தைக் கூறுவோம். நம் முன்னோர் கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தனர். படிகாரமும் அதே வேலையைச் செய்யும். துணியால் வடித்தலும் பழைய வழக்கமே. இவையெல்லாம் கலங்கலை நீக்கும். ஓரளவு கிருமிகளையும் படியச் செய்யும். ஆனால் தெளிவித்தல் வேறு, தூய்தாக்கல் வேறு. கிருமிகளைக் கொல்ல வீட்டில் எளிதான வழி, நீர் கொதித்துப் புரளும் வரை காய்ச்சி, அந்நிலையில் 1 நிமிடம் விட்டு இறக்குதல். அதனை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் மூடி ஆறவைத்து, கையை உள்ளே விடாமல் ஊற்றிப் பருகுதல் வேண்டும். காய்ச்சிய நீரிலே கழுவாத கையோடு குவளையைத் தோய்ப்பவர், அடுப்பில் எரித்த விறகை வீணாக்கியவராவார்.

கிணறு முழுவதையும் தூய்தாக்கக் குளோரீன் அடங்கிய வெளிற்றுந்தூள் பயன்படும். 10 அடி விட்டமும் 8 அடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 18,000 லீற்றர் நீர் இருக்கும். எவ்வளவு தூள் வேண்டும் என்பது இந்நீரளவையும் தூளின் வலிமையையும் பொறுத்தது. திறந்து வைத்த தூள் வலிமை இழந்துவிடும். ஆதலால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு அளவறிந்து இடுதலே முறை. இட்டு அரைமணி நேரம் சென்றபின்னும் ஒரு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமளவு குளோரீன் எஞ்சி நின்றால், கிருமிகள் அழிந்தன எனக் கொள்ளலாம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், அயலில் நெருப்புக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்ட காலத்தும் இது இன்றியமையாதது. ஆயின் குளோரீனும் கிருமியையே கொல்லும்; நைத்திரேற்றைத் தொடாது.

கிணற்றடியையும் நோக்குவோம். கட்டு இல்லாத கிணற்றிலே மழைவெள்ளம் தெருவின் அழுக்கோடு உள்ளே பாயும். கட்டு இருந்தும் அதனைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளம் வெடித்திருந்தால், குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் வெடிப்பின் வழியே கிணற்றுக்கே திரும்பும். தளத்தைச் செப்பனிட்டு, வாய்க்கால் அமைத்து, நீரை வாழைக்கும் தென்னைக்கும் விலகிச் செல்லவிடுதல் வேண்டும். வாளியையும் கயிற்றையும் நிலத்தில் வைத்தலாகாது. கிணற்றுக்கு வலையோ மூடியோ இடுதல் நன்று. கைவிட்ட கிணற்றைக் குப்பைக் குழியாக்குதல் பெருந்தீங்கு. அது பொதுநீரின் நடுவிலே நஞ்சினை நேரே கொட்டுவதாகும்.

இவையனைத்தும் செய்தபின்னும் நம் கிணற்று நீர் எத்தகையது என்பதைச் சோதனைக்கூடமே சொல்ல வல்லது. அங்கே ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தேடுவதில்லை. மனிதரின் குடலிலும் விலங்கின் குடலிலும் எப்போதும் வாழும் எசெரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவைத் தேடுகின்றனர். அது நீரில் இருப்பின் மலம் கலந்தது உறுதி. மலம் கலந்த வழியே நோய்க்கிருமியும் வரக்கூடும். 100 மில்லிலீற்றர் நீரில் அது ஒன்றேனும் இருத்தலாகாது என்பது விதி. நைத்திரேற்று தனியே அளக்கப்படும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ இதுபற்றி விசாரித்தறியலாம். கிருமிச் சோதனைக்குரிய நீரைக் கிருமி நீக்கிய போத்தலிலேயே எடுத்து, குளிரில் வைத்து, தாமதமின்றிச் சேர்ப்பித்தல் வேண்டும். மாரிக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதித்தல் நலம். வீட்டில் குழந்தை பிறக்கவிருக்கும்போது, தொட்டில் வாங்குமுன் கிணற்று நீரைச் சோதிப்பது அறிவுடைமை.

நைத்திரேற்று மிகுந்திருக்கக் கண்டால் என் செய்வது? நுண்ணிய சவ்வினூடாக நீரை அழுத்தித் தள்ளும் பொறிகள் அதனை நீக்கும்; அவை விலைமிக்கவை, பராமரிப்பும் வேண்டுபவை. உண்மையான மருந்து நிலத்தின் மேலே இருக்கின்றது. பசளையை ஒரே முறையில் மிகுதியாகக் கொட்டாமல், மண்ணைச் சோதித்து, பயிர் உண்ணும் பருவமறிந்து சிறிது சிறிதாக இடுதல் கமக்காரருக்கும் இலாபம். கிணற்றுக்குள் இறங்கும் பசளை அவர் பணத்திலே வாங்கப்பட்டதன்றோ. மலகூடத்துக்கு, அடியும் பக்கமும் நீர் கசியாது கட்டிய தொட்டியும், காலந்தோறும் அதனை வெறுமையாக்கும் ஒழுங்கும் வேண்டும்.

குழாய்நீர் வருகின்றதே, இனிக் கிணற்றைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் வினவுவர். வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரை ஆக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆயினும் கடல்நீரை நன்னீராக்க மின்வலு பெரிதும் செலவாகும். மழையோ ஆண்டுதோறும் கூலி கேளாது நம் நிலத்தை நிரப்புகின்றது. அதனை மாசாக்கிவிட்டு, கடல்நீரை விலைகொடுத்து வடித்துக் குடிப்பது அறிவுடையோர் செயலாகாது. மேலும் தோட்டத்துக்கும் கால்நடைக்கும், குழாய் எட்டாத வீடுகளுக்கும் கிணறே கதி.

வளவை வாங்கியபோது கிணற்றைப் பார்த்தோம். அயலிலே மலகூடம் எங்கே என்று பார்த்தோமா? மலகூடம் கட்டியபோது நம் கிணற்றுக்குள்ள தூரத்தை அளந்தோம். அயலவர் கிணற்றுக்குள்ள தூரத்தை அளந்தோமா? இவ்விரண்டாம் வினாவை ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கும் நாளிலே குடாநாட்டின் நீர் தூய்மையுறத் தொடங்கும். அதுவரை நம் கண்ணும் நாவும் மூக்கும் நல்ல நீர் என்று சொல்வதை முழுச் சாட்சியமாகக் கொள்ளாதிருப்போமாக. விருந்தினருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கும்போது, இது நல்ல நீர் என்று பெருமையோடு கூறுவோம். அவ்வாறு கூறுமுன் ஒருமுறை சோதித்தும் வைப்போம்.